தூரம் ஒன்று, பாதை பல

மேசைமேல் வைக்கும் பூகோள உருண்டை ஒன்றும் ஒரு முழம் நூலும் கைவசம் இருக்குமானால், இந்த அத்தியாயத்தின் முதற் பரிசோதனையை வாசகர் தம் வீட்டிலேயே நடத்திப் பார்த்துவிடலாம். நூலின் ஒரு முனையை, பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கில் ஒரு புள்ளியளவே தெரியும் சிங்கப்பூரின்மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை அமெரிக்காவின் கீழைக் கரையிலுள்ள நியூயார்க் வரையில் கொண்டுபோய், எங்கும் தொய்வு இல்லாதபடி இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் முறை செய்கிறவர்கள், பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, நூலை மேற்கு நோக்கி இந்துமகா சமுத்திரத்தின்மீதும் ஆப்பிரிக்காவின்மீதும் கிடத்துவார்கள். இழுத்த மாத்திரத்தில் நூல் அங்கே நிற்காது. வழுக்கி வழுக்கி வடக்கே ஏறி, உருண்டையின் உச்சியில், அதைத் தாங்கும் ஆணி செருகியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் அது நிலைகொள்ளும். நூலின் கீழே இப்போது அகப்படும் இடங்களைப் பாருங்கள்: தாய்லாந்து வளைகுடா, கம்போடியா, லாவோஸ், சீனத்தின் மேற்குப் பகுதி, மங்கோலியா, சைபீரியா, பிறகு உறைந்து கிடக்கும் ஆர்க்டிக் சமுத்திரம், துருவத்தைத் தாண்டியதும் கிரீன்லாந்தின் வடமேற்கு விளிம்பு, பாஃபின் தீவு, க்யூபெக், அதற்கும் அப்பால் நியூயார்க்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வழி, வடதுருவத்திலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர் தூரத்தில் செல்கிறது என்பதை, கணிதம் அறியாத அந்த நூல் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறது. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கத்தி சரியாக அதன் மையத்தினூடே செல்லும்படி அறுத்தால் இரு பாதிகளும் சமமாக இருக்கும். அறுபட்ட தோலின் ஓரமாகத் தெரிகிற வட்டத்தைவிடப் பெரிய வட்டத்தை அந்தப் பழத்தின்மேல் வரைய முடியாது. கோளத்தின்மேல் இப்படி வரையப்படும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். எந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாலும் அவ்விரண்டையும் தொட்டுச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றுக்கிடையிலுள்ள மிகக் குறுகிய வழி. விமான நிலையங்களுக்கு இடையே இத்தனை கிலோமீட்டர் என்று அட்டவணைகள் சொல்லும் தூரம் இந்த வில்லின் நீளமேயன்றி, விமானம் உண்மையில் பறந்த வழியின் நீளம் அன்று. இந்த வேற்றுமையை விளக்குவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

சுவரில் தொங்கும் படம் நம்மை ஏமாற்றுவது ஏன் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1569-ஆம் ஆண்டில் மெர்க்காட்டர் என்பவர் வெளியிட்ட உலகப் படம் மாலுமிகளுக்காகவே செய்யப்பட்டது. திசைகாட்டியின் முள் காட்டும் ஒரே கோணத்தை மாற்றாமல் கப்பலைச் செலுத்தினால் அந்த வழி படத்தில் நேர்கோடாக அமைய வேண்டும் என்பதே அவருடைய குறிக்கோள். அதை அவர் பூரணமாக நிறைவேற்றினார். ஆனால் உருண்டையைத் தட்டையாக்கும் எந்த முறையிலும் ஏதாவது ஒன்றை இழக்காமல் இருக்க முடியாது. மெர்க்காட்டர் இழந்தது பரப்பளவை. கிரீன்லாந்தைப்போல் பதினான்கு மடங்கு பெரியதான ஆப்பிரிக்கா, அவருடைய படத்தில் அந்தத் தீவின் அளவாகவே தோன்றுகிறது. திசை மாறாத வழியும் மிகக் குறுகிய வழியும் வெவ்வேறு என்பதை, அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1537-இல், போர்த்துகீசியக் கணித அறிஞர் பெட்ரோ நூனிஷ் எழுதி வைத்திருந்தார். அந்தப் படத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தால், அது இலங்கையின் தென்பகுதியைக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டி, சூடானையும் சகாரா பாலைவனத்தையும் குறுக்காக வெட்டி, அட்லாண்டிக் சமுத்திரத்தில் இறங்கி, நியூயார்க்கை அடையும். கண்ணுக்கு நேராகத் தெரியும் இந்த வழியின் நீளம் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர். பெரிதாக வளைந்து துருவத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவதுபோல் தோன்றும் பெருவட்ட வழியின் நீளமோ 15,349 கிலோமீட்டர்தான். வித்தியாசம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். விமான வேகத்தில் மூன்றரை மணி நேரம்.

இந்த 15,349 என்னும் எண்ணை வாசகர் என் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு காகிதத்தின் மூலையில் கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். சாங்கி நிலையம் வட அட்சரேகை 1 பாகை 21 கலையில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து வடதுருவம் 88 பாகை 39 கலை. கென்னடி நிலையம் வட அட்சரேகை 40 பாகை 38 கலையில் இருப்பதால், அங்கிருந்து துருவம் 49 பாகை 22 கலை. இவ்விரு ஊர்களின் தீர்க்கரேகைகளும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில், அரைவட்டத்துக்கு இரண்டு பாகை மாத்திரமே குறைவான இடைவெளியில் அமைந்திருப்பதால், துருவத்தின் வழியாகவே போவதாக வைத்துக்கொண்டாலும் பெரிய பிழை நேராது. இரண்டையும் கூட்டினால் 138 பாகை 1 கலை. அதாவது 8,281 கலைகள். கடல் மைல் என்ற அளவைப் பூமியின் சுற்றளவில் ஒரு கலைக்குச் சமமாக முன்னோர் அமைத்துக் கொடுத்திருப்பதால், 8,281 கலைகள் என்றாலே 8,281 கடல் மைல்கள்தாம். கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் விடை 15,336 கிலோமீட்டர். உண்மைத் தூரத்துக்கும் நம்முடைய கணக்குக்கும் 13 கிலோமீட்டர்தான் வேற்றுமை. அந்தச் சொற்ப வேற்றுமைக்கும் காரணம் உண்டு: பூமி துருவங்களில் சற்றே தட்டையானது, ஆகவே அட்சரேகையின் ஒரு பாகை பூமத்திய ரேகையருகில் 110.6 கிலோமீட்டராகவும் துருவத்தருகில் 111.7 கிலோமீட்டராகவும் இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் இல்லாத ஊர்களுக்கு இந்தச் சுருக்குவழி உதவாது. சைன், கோசைன் என்னும் கோண அளவைகளைக் கொண்டு கோள முக்கோணம் ஒன்றைத் தீர்க்க வேண்டும். அந்தச் ‘சைன்’ என்ற சொல்லே, நம் நாட்டு ஜோதிட கணிதர்கள் வழங்கிய ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்னும் சமஸ்கிருதப் பதங்கள் அரபு மொழிக்குச் சென்று, அங்கே உருமாறி, லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு வந்த வடிவம் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டாகும். வில்லின் நாணைக் குறித்த அந்தச் சொல், இன்று விமானங்களின் வழியை அளக்கும் கணினிகளுக்குள் இருந்துகொண்டிருக்கிறது.

பூமியின்மேல் எந்த இரண்டு இடங்களும் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது. அவ்வளவுதான் பூமியின் அரைச்சுற்று. அந்த எல்லையில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட தூரத்தை எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் கடப்பதென்பது சாமானியமான காரியம் அன்று.

இனி நேரத்துக்கு வருவோம். பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகமே குறைந்து மணிக்கு 1,060 கிலோமீட்டர் அளவில் நிற்கும். நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வீதம் பறக்கின்றன. அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால், இறக்கையின் மேற்புறத்தில் காற்று ஒலிவேகத்தைத் தாண்டி அதிர்ச்சி அலைகளை எழுப்ப, எரிபொருட்செலவு கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் பதினேழு மணி நேரம் வருகிறது. ஆனால் கால அட்டவணையில் பதினெட்டரை மணிக்குக் குறையாமல் போட்டிருக்கிறார்கள். விமான உலகத்தில் பிரயாண நேரம் என்பது, சக்கரத்தினடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கிய கணம் முதல், மறுமுனையில் நின்று மீண்டும் கட்டை வைக்கும் கணம் வரையில் கணக்கிடப்படுவதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், மெதுவாக ஏறுவதும் இறங்குவதும் அதில் அடங்கும். இருந்தும், மீதிக் கணக்கை இவை மட்டும் தீர்த்துவிடுவதில்லை. விமானம் அந்த நூல் காட்டிய வழியில் போவதே அபூர்வம் என்பதுதான் பெரிய காரணம். அதை அந்த வழியிலிருந்து விலக்குவதில் முதன்மையானது காற்று.

1920-களில், ஜப்பானின் தாதேனோ என்னும் இடத்திலிருந்த வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் வசாபுரோ ஓஇஷி என்ற அறிஞர், சிறு பலூன்களை வானில் விட்டு அவை போகும் திசையைத் தொலைநோக்கியால் பின்தொடர்ந்து அளந்துகொண்டிருந்தார். உயரே சென்ற பலூன்கள், கீழே காற்று எப்படியிருந்தபோதிலும், கிழக்கு நோக்கி நம்ப முடியாத வேகத்தில் அடித்துச் செல்லப்படுவதைக் கண்டார். தம் கண்டுபிடிப்பை உலகமெல்லாம் படிக்க வேண்டும் என்னும் ஆர்வத்தால் அவர் அதை எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் 1926-இல் எழுதி வெளியிட்டார். அந்த நல்லெண்ணமே அவருக்குப் பகையாயிற்று. அந்த மொழியைப் படிப்பவர் சிலரே ஆதலால், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானின்மேல் மிக உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் தாமே சிக்கித் திணறும் வரையில் அவருடைய வேலையை வெளியுலகம் கவனிக்கவில்லை. இன்று அதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். பூமத்திய ரேகைப் பக்கத்து வெப்பக் காற்றுக்கும் துருவப் பக்கத்துக் குளிர்க் காற்றுக்கும் உள்ள அழுத்த வேற்றுமை காற்றை வடக்கே தள்ள, பூமியின் சுழற்சி அதை வலப்புறமாகத் திருப்பிவிட, இரண்டும் சேர்ந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் நீளமும் சில நூறு கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஓர் ஆகாய நதியாக அது மேற்கிலிருந்து கிழக்கே வளைந்து வளைந்து ஓடுகிறது. அதன் நடுவே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் சர்வ சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு.

போகும்போது முதுகில் அடிக்கும் காற்று, வரும்போது முகத்தில் அடிக்குமாகையால் லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆகவே கணக்கைப் போட்டே பார்ப்போம். தூரம் 15,000 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் 900 என்று வைத்துக்கொண்டால், காற்றே இல்லாத நாளில் போக 16 மணி 40 நிமிஷம், வர அதே நேரம். மொத்தம் 33 மணி 20 நிமிஷம். இப்போது வழி முழுவதும் 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசட்டும். காற்றோடு போகையில் 15 மணி நேரம். காற்றை எதிர்த்து வருகையில் 18 மணி 45 நிமிஷம். மொத்தம் 33 மணி 45 நிமிஷம். இருபத்தைந்து நிமிஷம் நஷ்டம்! எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்கு ஆட்பட்டு அதிக நேரம் பறக்கிறது. பின்காற்றிலோ விரைந்து போய்விடுவதால் அந்த உதவியைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறது. ஆற்றில் பரிசல் தள்ளுகிறவர்களுக்கு இது கைவந்த அனுபவம்.

ஆகையால், நல்ல மாலுமியைப்போலவே விமானத்துறையாரும் எதிர்க்காற்றுக்கு விலகி, பின்காற்றைத் தேடிப் போகிறார்கள். வழி நீளமானாலும் நேரம் குறைந்தால் அவர்களுக்கு அதுவே லாபம். சிங்கப்பூர்–நியூயார்க் பிரயாணத்தில் இதன் பலன் ஓர் அற்புதமாக விளைந்திருக்கிறது. இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வேற்றுமை இல்லை. அதனால் நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி, ஜப்பான் பக்கம் ஜெட் காற்றோட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழைகிறது. சிங்கப்பூர் திரும்பும் விமானமும் பல நாட்களில் மறுபடி கிழக்கேதான் புறப்பட்டு, அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் தாண்டி, ஆசியாவின் குறுக்கே தெற்கு நோக்கி இறங்கி வருகிறது. போகவும் வரவும் கிழக்கே பறந்த பிரயாணி, தாம் அறிந்தோ அறியாமலோ பூமியை ஒருமுறை வலம்வந்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அவர் பறந்த தூரம் ஒவ்வொரு திசையிலும் 16,000 கிலோமீட்டருக்கு மேல். அட்டவணையிலுள்ள தூரமோ அதே 15,349.

காற்றுக்கு அடுத்தபடியாக வழியை வளைப்பது மனிதர்களின் எல்லைக்கோடு. 1944-இல் சிகாகோ நகரில் கூடிய மாநாட்டில் உருவான சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் விதியே, ஒவ்வொரு தேசத்துக்கும் தன் நிலத்தின்மேலுள்ள வான்வெளியில் பூரண ஆதிக்கம் உண்டு என்பதுதான். நூல் காட்டிய வழியில் மிகப் பெரிய பங்கு சைபீரியாவுக்கு மேலே செல்கிறது. சோவியத் நாடு தன் வான்வெளியைப் பிறருக்கு எளிதில் திறந்துவிடாதிருந்த காலத்தில், பின்லாந்தின் விமான நிறுவனமாகிய பின்ஏர் 1983-இல் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவை ஒன்றைத் தொடங்கியது. அந்த விமானம் ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு வடதுருவத்துக்கு மேலே போய், அலாஸ்காவின் பக்கமாக இறங்கி, டோக்கியோ சேர ஏறக்குறைய 13 மணி நேரம் பிடித்தது. பிறகு சைபீரிய வழி திறந்தது. அதே பிரயாணம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. 2022-இல் உக்ரைன் யுத்தம் மூண்டு அந்த வான்வெளி மறுபடி அடைபட்டதும், பிரயாண நேரம் நாற்பது ஆண்டுகளுக்குமுன் இருந்த அதே 13 மணிக்குத் திரும்பிவிட்டது. ஹெல்சிங்கி நகர்ந்துவிடவில்லை, டோக்கியோவும் நகர்ந்துவிடவில்லை.

துருவத்துக்கு அருகே பறப்பதிலுள்ள இடர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே காந்த ஊசியை நம்ப முடியாது. இறக்கைகளுக்குள் இருக்கும் எரிபொருள், அதன் வகையைப் பொறுத்து, பூஜ்யத்துக்குக் கீழ் 40 அல்லது 47 டிகிரியில் உறையத் தொடங்குமாதலால், விமானி அதன் உஷ்ணநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரமாக இறங்க நேர்ந்தால் இறங்கும் இடத்தின் குளிரைத் தாங்க விசேஷ உடைகளும் விமானத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

எல்லாவற்றையும்விடக் கடினமான பிரச்னை எரிபொருளின் எடைதான். தூரதேசப் பிரயாணத்துக்குக் கட்டுச்சோறு சுமப்பவனைப்போல, முதல் மணியில் எரியவிருப்பதோடு பதினெட்டாவது மணியில் எரியவிருப்பதையும் விமானம் புறப்படும்போதே தூக்கிக்கொள்ள வேண்டும். கடைசி மணிக்கான எரிபொருளைப் பதினேழு மணி நேரம் சுமப்பதற்கென்றே தனியாக எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆகவே தூரம் இரட்டித்தால் எரிபொருள் இரட்டிப்பதோடு நிற்பதில்லை. பிரெஞ்சு விமான நிபுணர் லூயி பிரெகேயின் பெயரால் வழங்கும் ஒரு சூத்திரம் இந்த உறவை மடக்கைக் கணிதத்தால் விளக்குகிறது. 2004-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், நியூயார்க்குக்கு அருகே ஹட்சன் நதிக்கு மேற்கிலுள்ள நெவார்க் நகரத்துக்கு, நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தால் நேரடிச் சேவை தொடங்கியது. எரிபொருள் விலை ஏறியதால் 2013-இல் அதை நிறுத்திவிட நேர்ந்தது. 2018-இல் இரண்டே எஞ்சின்கள் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் என்னும் விமானம் வந்த பிறகு அந்தச் சேவை உயிர்பெற்றது. 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் விமானங்கள் செல்லத் தொடங்கின. நெவார்க்குக்குப் பெருவட்டத் தூரம் 15,344 கிலோமீட்டர். ஆகவே உலகின் மிக நீண்ட விமானச் சேவை என்ற பட்டம் ஐந்தே கிலோமீட்டர் வித்தியாசத்தில் கென்னடி நிலையத்துக்குப் போயிற்று.

அந்த விமானம் 280 டன் எடையோடு தரையைவிட்டு எழும்பலாம்; அதன் தொட்டிகள் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். லிட்டருக்கு 800 கிராம் வீதம் அது 132 டன். ஏறும் எடையில் ஏறக்குறைய பாதி! முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அமரக்கூடிய விமானத்தில் 161 ஆசனங்களே போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். முதல் சில மணி நேரம் அந்தப் பாரத்தோடு அதிக உயரம் ஏற முடியாமல் பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்குச் சற்று முன்பின்னாகப் பறக்கும். எரிபொருள் எரிய எரிய எடை குறைந்து, படி ஏறுவதுபோல் சிறிது சிறிதாக உயர்ந்து, பிரயாணத்தின் முடிவில் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தை எட்டும். முன்னிருக்கையின் முதுகிலுள்ள சிறு திரையில் உயரத்தின் எண்ணைக் கவனித்து வருகிறவர்கள், எஞ்சினின் சத்தம் சற்றே மாறும் அந்தக் கணங்களில் எண் உயர்வதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

எரிபொருளுக்காகப் பிரயாணிகளைக் குறைக்கும் இந்த ஏற்பாடு புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலிருந்த விமானத் தொடர்பு அறுந்துபோயிற்று. அதை மறுபடி முடிச்சுப் போடுவதற்காக, 1943 முதல் 1945 வரையில் குவாண்டாஸ் நிறுவனத்தார், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள ஸ்வான் நதியிலிருந்து, இலங்கையில் காலி நகரத்துக்குக் கிழக்கேயுள்ள கொக்கலை ஏரிக்கு, கடலிலும் இறங்கக்கூடிய காட்டலினா விமானங்களை எங்கும் நில்லாமல் செலுத்தினார்கள். தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. எரிபொருளே பெரும்பாரமாகிவிட்டதால் மூன்று பிரயாணிகளுக்கும் சிறிதளவு தபாலுக்குமே இடம் இருந்தது. பகைவரின் விமானங்கள் திரியும் கடலுக்கு மேலே வானொலியில் ஒரு வார்த்தையும் பேசாமல், இரவில் நட்சத்திரங்களின் உயரத்தை அளந்தே வழி கண்டுபிடித்துப் போனார்கள். அந்த ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அண்டாரெஸ், ஸ்பைகா. இவற்றில் நான்கை நம் பஞ்சாங்க மரபும் நன்றாக அறியும்: ஆல்டேர் நம் திருவோணம், வேகா அபிஜித்து, அண்டாரெஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. கேட்டையும் சித்திரையும் இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டிக் கொக்கலை ஏரியில் வந்து இறங்கின என்று சொன்னால் அது கவிதையன்று, சரித்திரம். பிரயாணம் இருபத்தேழு மணிக்குமேல் நீண்டதால் உள்ளே இருந்தவர்கள் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே அந்தச் சேவைக்குப் பெயர் வந்தது. அவற்றுள் ஒரு விமானம் 32 மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் இருந்தது. தூரத்தில் அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றே குறைவான சிங்கப்பூர்–நியூயார்க் சேவையும் நேரத்தில் அதை இன்னும் மிஞ்சவில்லை.

சூரியோதயம் என்றதும் கடிகாரம் நினைவுக்கு வருகிறது. சாங்கிக்கும் கென்னடிக்கும் தீர்க்கரேகை வேற்றுமை 177.8 பாகை, பாகைக்கு நான்கு நிமிஷம் வீதம், சூரியன் காட்டும் நேர வேற்றுமை 11 மணி 51 நிமிஷம். ஆனால் கடிகாரங்கள் சூரியனை மட்டும் கேட்டு நடப்பதில்லை. தன் தீர்க்கரேகைப்படி கிரீனிச்சுக்கு ஏழு மணி நேரமே முந்தியிருக்க வேண்டிய சிங்கப்பூர், 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து எட்டு மணி நேரம் முந்தியிருக்கிறது. ஆகவே அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய ஒன்று காட்டும். நியூயார்க்கோ குளிர்காலத்தில் கிரீனிச்சுக்கு ஐந்து மணியும் கோடையில் நான்கு மணியும் பிந்துகிறது. இதன்படி கோடைகாலத்தில் இரண்டு ஊர்களுக்கும் வேற்றுமை சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். முள் கடிகாரம் கட்டியிருப்பவர் அதைத் திருப்பவே வேண்டியதில்லை; சிங்கப்பூரில் நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஏறியவர், பதினெட்டரை மணி நேரம் பறந்து, அதே தேதியில் விடியற்காலை ஆறரைக்கு நியூயார்க்கில் இறங்கும்போது, கையிலுள்ள முட்கள் தாமாகவே ஆறரை காட்டும். அவருடைய உடலுக்குள் இருக்கும் கடிகாரமோ அதைச் சாயங்காலம் ஆறரையாகவே எண்ணும். மூளையின் அடிப்பக்கத்தில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சிறிய நரம்புக் கொத்து ஒன்றுதான் அந்தக் கடிகாரம். வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்ளும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. பன்னிரண்டு மணி நேரத்தைப் பதினெட்டரை மணியில் கடந்தவருக்கு, உறக்கம் ஒழுங்குக்கு வர ஒரு வாரத்துக்குமேல் பிடிப்பதில் வியப்பில்லை.

திரும்பும்போது இரவு பத்தரைக்கு ஏறினால், பதினெட்டு மணி நாற்பது நிமிஷம் கழித்து, மூன்றாம் நாள் அதிகாலை ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குச் சிங்கப்பூரில் இறங்கலாம். இடையில் ஒரு தேதி பெரும்பாலும் ஆகாயத்திலேயே கழிந்துபோகும். போகவும் வரவும் கிழக்கே பறந்தவர், வீட்டிலேயே இருந்த தம் மனைவி மக்களைவிட ஒரு சூரியோதயம் அதிகமாகக் கண்டிருப்பார். ழூல் வெர்னின் கதாநாயகன் எண்பது நாட்களில் உலகைச் சுற்றியபோது அவனுக்குக் கிடைத்த உபரி நாளும் இதே கணக்கில் வந்ததுதான்.

நியூயார்க்கில் வந்து இறங்கிய விமானம் நூறு டன்னுக்குமேல் எடை இழந்து நிற்கும்போதே, அதன் மறுபிரயாணத்துக்கான வேலை தொடங்கிவிடுகிறது. உலகமெங்கும் உயர்வானத்துக் காற்றைக் கணித்துச் சொல்லும் பொறுப்பு லண்டன், வாஷிங்டன் என்னும் பெயர்களில் இயங்கும் இரண்டு முன்னறிவிப்பு மையங்களிடம் இருக்கிறது. அவை அனுப்பும் காற்று வரைபடங்களைத் திரையில் விரித்துவைத்து, விமானத்தின் எடையையும், அன்று திறந்திருக்கும் வான்வெளிகளையும், வழியில் ஆபத்துக்கு ஒதுங்கக்கூடிய நிலையங்களையும் உடன்வைத்து, திட்டமிடும் அதிகாரி புதிய கோடு ஒன்றை வரைகிறார். நேற்று அட்லாண்டிக்கின் நடுவே ஓடிய காற்று இன்று ஐநூறு கிலோமீட்டர் வடக்கே ஒதுங்கியிருக்கும். கோடும் அதோடு ஒதுங்குகிறது. கடைசியாக விமானிகளின் கையில் கொடுக்கப்படும் தாள்களில் முதல் வரியில் இரண்டு ஊர்களின் பெயர்கள் இருக்கும். கீழே, இன்று பறக்க வேண்டிய தூரமும், காற்றின் சராசரி வேகமும், நேரமும்.